பல குரல், ஒரே பாட்டு

(வெள்ளி விழா மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இவ்விழாவுக்காக நம் பாடற்குழுவினர் பல வாரங்கள் பயிற்சி செய்தார்கள். ஆகவே இன்று ஓர் இசைக் கலைஞரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச ஆசைப்படுகிறேன்.

லூயி பேங்க்ஸ் 1941-ல் டார்ஜிலிங்கில் நேபாளக் குடும்பத்தில் பிறந்தவர். டிரம்பெட் வாசிப்பவரான தந்தையார், அமெரிக்க டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் மீதிருந்த அபிமானத்தால் மகனுக்கு அப்பெயரையே இட்டார். மகன் பியானோ கற்று, கல்கத்தா பார்க் தெருவில் 'புளூ ஃபாக்ஸ்' உணவு விடுதியில் வாத்தியக் குழு நடத்தினார். பின்பு பம்பாய் சென்று விளம்பரப் படங்களுக்கு இசையமைத்தார்.

1988 ஆகஸ்ட் 15 அன்று, பிரதமர் ராஜீவ் காந்தி செங்கோட்டையில் பேசி முடித்தபின், தூரதர்ஷனில் 'மிலே சுர் மேரா தும்ஹாரா' முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. பண்டிட் பீம்சேன் ஜோஷியின் பைரவி ராகத்தை ஆதாரமாகக் கொண்டு, லூயி பேங்க்ஸும் பி. வைத்தியநாதனும் அதற்கு இசை வடிவம் தந்தனர். 14 மொழிகள். தமிழில் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. ஒவ்வொரு மொழியும் தன் சாயலோடு வரும். மெட்டு மட்டும் அறுபடாது. பிறர் குரலுக்கு இடம்விட்டு, அனைத்தையும் இணைப்பதே குழுத்தலைவரின் பணி.

அன்று பேசிய பிரதமர் 1991 மே 21-ல் நம் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அதே மண்ணில் இன்று ஒடிசா, ஜார்கண்ட், அசாம் பிள்ளைகள் ஒரகடம் வரையுள்ள ஆலைகளில் இரவு பகலாக உழைக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஜார்கண்ட் வாலிபன் ஒருவன் பாடற்குழுவில் சேர வந்தான். நல்ல குரல். "தமிழ் வாசிக்கத் தெரியாதே" என்று அனுப்பிவிட்டோம். அருகிலிருந்த நானும் வாய் திறக்கவில்லை. அவன் மறுபடி வரவேயில்லை. இதை என் குற்றமாகவே உங்கள் முன் அறிக்கையிடுகிறேன்.

1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. இலத்தீன் பொருள் விளங்காமல் முழந்தாளிட்டிருந்த நம் பெரியோருக்கு, தமிழில் பூசை காணும் பாக்கியம் கிட்டியது. நாம் பெற்ற வரத்தைப் பிறருக்கு மறுக்கலாமா? பெந்தகோஸ்தே நாளில் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்டார்கள் அல்லவா?

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு முதல் திருவிருந்துப் பாடல் ஒன்று அவர்கள் மொழியில் இருக்கட்டும். அவர்கள் கற்றுக்கொடுக்கட்டும், நம் பிள்ளைகள் சேர்ந்து பாடட்டும். கடைசி வரிசையில் நிற்பவரைக் கைப்பிடித்து முன்னே அழைத்து வாருங்கள். அன்றுதான் நம் வெள்ளி விழா நிறைவு பெறும்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!