மறைந்து நின்ற வெப்பம்

திருவெம்பாவையின் 16ஆம் பாட்டில் மணிவாசகப் பெருமான், கடல்நீரை முகந்தெழும் மேகத்தில் அம்மையின் திருமேனியையும், பொழியும் மழையில் அவள் திருவருளையும் காண்கின்றார்.

“கதிரவன் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகின்றது, இதில் அருள் எங்கே?” என்று பள்ளிப் பிள்ளைகள் வினவுகின்றனர். வினவட்டும்; அதனை நாத்திகமென்று நாம் கடிதல் முறையன்று. அடிகள் அன்றே அறிவியல் உரைத்தார் என்று வாயடைப்பதும் முறையன்று. பிள்ளைகளோடு அமர்ந்து கணக்கைப் பார்ப்போம்.

ஒரு கிராம் நீர் கடற்பரப்பில் ஆவியாதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். உப்பு கடலிலேயே தங்க, நீர் மட்டும் எழுகின்றது. உட்கொண்ட வெப்பமோ அழிவதில்லை. ஆவியினுள் மறைந்து நின்று, அது மேலே குளிர்ந்து துளியாகுங்கால் வெளிப்பட்டு, மேகத்தை மேலும் உயர்த்துகின்றது. இடிமழைக்கு வலிமை அதுவே.

மறைத்தலையும் இறைவன் ஐந்தொழிலுள் ஒன்றாகப் பயின்ற நமக்கு இக்கணக்கு அயலாகத் தோன்றவில்லை.