ஊர்ப்பணியும் உழவாரப் பணியே



பதவியேற்பவருக்கு மாலை சூட்டுவது உலக வழக்கம். பதவியிலிருந்து விடைபெறுபவரைப் போற்றுவதோ நன்றியறிதலின் அடையாளம்.

1957 ஜனவரி 1ஆம் நாள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அதன் முதல் மேயராக விளங்கியவர் டி. எஸ். இராமநாதன் அவர்கள். அவர் அப்பொறுப்பு வகித்தது 1961 வரையில்தான். ஆயினும் முன்பு ஸ்காட் சாலை என வழங்கிய வீதி இன்றும் அன்னாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அக்காலத்தில் மன்ற உறுப்பினரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். 1965இல் அத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி மாநில அரசே உறுப்பினர்களை நியமிக்கிறது. ஒரு நியமனக் காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படாது. சாஆ அடங்கிய லாபிஸ் மாவட்ட மன்றத்திற்கும் இதுவே விதி. ஆதலால் நற்பணி ஆற்றியவருக்கு மக்கள் அளிக்கக்கூடியது வாக்கன்று, நன்றியும் நினைவுமே.

வடிகால், குப்பை, சந்தை, தெருவிளக்கு என்பன எளிய காரியங்களாகத் தோன்றலாம். திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரம் ஏந்தித் திருக்கோயில்களில் புல் செதுக்கித் தூய்மை செய்ததைச் சைவ உலகம் தொண்டாகவே வணங்குகிறது. ஊரைத் தூய்மையாகக் காப்பதும் அவ்வழிப்பட்ட தொண்டே.

ஆகவே விடைபெறும் உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு கடமை நிறைவுறாது. அவர் செய்து முடித்தவற்றையும், முடிக்க இயலாதவற்றையும் எழுதி வைத்து, அடுத்து வருபவரிடம் பணிவுடன் நினைவூட்டுவதே அவருக்குச் செய்யும் மெய்யான சிறப்பாகும்.

அனைவருக்கும் இறையருள் பெருகுக.