கடனாளிக்காகப் பேசிய அந்தோனியார்



மாத்தளை மாவட்டத்திலே, கலேவெலைக்கு அண்மையில் உள்ள வஹகோட்டையில் புனித அந்தோனியார் கோயில் கொண்டிருக்கிறார். கண்டியரசர் காலத்தில் அங்கே குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் சந்ததியார் அந்தப் பக்தியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. தொலைந்த பொருளை மீட்டுத் தருபவர் என்று அப்புனிதரை உலகமெல்லாம் அறியும்; ஆனால் கடனில் மூழ்கிச் சர்வமும் இழந்தவனுக்காக அவர் செய்த மகா உபகாரத்தை அறிந்தவர் மிகச் சிலரே.

1231ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி, இத்தாலியின் பாதுவா நகரத்தார் சட்டம் ஒன்றை இயற்றினர். கடனை அடைக்க வகையற்றவனையும், அவனுக்காகப் பிணை நின்ற பாவத்துக்கு ஆளானவனையும் சிறையில் அடைப்பதே வழக்கமாயிருந்த அந்நாளில், தன் உடைமைகளை ஒளிக்காமல் ஒப்படைக்க முன்வரும் கடனாளியின் சொத்தைப் பற்றலாமேயன்றி அவனுடைய சரீரத்தைப் பற்றலாகாது என்று அச்சட்டம் விதித்தது. சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளின்படியே இது செய்யப்பட்டது என்பது அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு ஜூன் 13ஆம் திகதி அவர் காலமானார். தம் இறுதி மாதங்களில் அவர் கடனாளிகளுக்காகப் பரிந்து பேசினார் என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

நம் மலைநாட்டிலோ, கடன் நெடுங்காலம் மனிதரின் சரீரத்தையே பற்றி நின்றது. தோட்டத் தொழிலாளி ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், அவர் பெயரிலுள்ள கடனைக் குறித்த ‘துண்டு’ ஒன்று கையில் இருக்க வேண்டும்; அந்தத் தொகையைப் புதிய துரை செலுத்தினால்தான் அவருக்கு விடுதலை. கங்காணியிடம் வாங்கிய முற்பணமும் வழிச்செலவும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் தலைமேல் ஏறியிருக்க, கடனோடு கூட மனிதரும் கைமாறினார்கள். 1921ஆம் ஆண்டில்தான் இம்முறை சட்டத்தால் ஒழிந்தது.

வங்குரோத்து அடைந்தவருக்கென்று இலங்கையில் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. மாவட்ட நீதிமன்றத்தின் முன் தன் வரவு செலவு அனைத்தையும் திறந்து காட்டி, கடன் கொடுத்தவர்களின் விசாரணைக்கு உட்பட்டு, உள்ளதைக் கொடுத்தவருக்கு முடிவில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதிலும், தவிர்க்க இயலாத நட்டத்தால் வீழ்ந்தவருக்கு முதல் வகுப்பு, மற்றவர்க்கு இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று தரம் பிரித்தார்கள். துரதிர்ஷ்டத்தையும் துர்நடத்தையையும் ஒன்றாக எண்ணாத அந்த விவேகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அந்தச் சட்டத்தின் உட்பொருளாகிய ஒரு நியாயம், நீதிமன்ற வாசலை ஒருநாளும் மிதியாத குடும்பங்களுக்கும் உரியது: இருப்பதை எல்லாருக்கும் விகிதாசாரப்படி பங்கிட வேண்டும். நடைமுறையில் நாம் செய்வதென்ன? வாசலில் வந்து சத்தம் போடுபவருக்கும், கிழமைதோறும் தவணை கேட்டு வரும் நுண்கடன்காரருக்கும் முதலில் கொடுக்கிறோம். தாலிக்கொடியை அடகு வைக்கத் தந்த அக்காவும், நம்பிக் கொப்பியில் எழுதிக்கொண்ட கடை முதலாளியும், வாய் திறவாதவர்களாதலால், கடைசியில் நிற்கிறார்கள். ஊரைவிட்டு ஒதுங்கவும் தொலைபேசியை அணைத்து வைக்கவும் மனிதரைத் தூண்டுவது பெரும்பாலும் இவர்களுடைய முகத்தைப் பார்க்கும் வெட்கமே. ஆகவே அவர்களிடமே முதலில் போக வேண்டும் என்பது என் துணிபு. “அக்கா, இப்போதைக்கு என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது” என்று கணக்கை முன்வைத்துச் சொல்லும் வார்த்தைக்கு, பத்துப் பொய்த் தவணைகளுக்கு இல்லாத கௌரவம் உண்டு.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இந்நாட்டு அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலவில்லை என்று உலகறியச் சொல்லிற்று. பின்னர் கடன் கொடுத்தவர்களோடு அமர்ந்து பேசி 2024இல் உடன்படிக்கைகள் செய்துகொண்டது. ஒரு தேசத்துக்கு இழுக்காகாத அந்தச் சம்பாஷணை, முச்சக்கர வண்டியின் லீசிங்கைக் கட்ட முடியாத தம்பிக்கு மட்டும் ஏன் இழுக்காக வேண்டும்?

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இத்தகைய சிறு கடன் பிணக்குகளை இரு தரப்பாரையும் எதிரெதிரே இருத்திப் பேசித் தீர்க்க முயல்கின்றன. அங்கே இணக்கம் ஏற்பட்டால் தொகையையும் தவணையையும் எழுத்தில் பெறுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கடைசித் தவணை கொடுக்கும் நாளில், நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் திரும்பக் கேட்டு வாங்கி, பிணை நின்றவருடைய வீட்டுக்குப் போய் அவருக்குக் காட்டுங்கள்.