இழுத்துப் பார்ப்பதா, கீழே வைப்பதா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழிலும் அனுபவமும்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் சீட்டாட்டத்தில் ஆரம்பிக்கிறேன். ஹாஸ்டல் வார்டன் சார் முன்வரிசையில் இருக்கிறார். சார், அப்போதெல்லாம் காசு வைத்து ஆடவில்லை, தீக்குச்சிதான்.

ரம்மி எல்லோருக்கும் தெரியும். ஆர்டின் 5, 6 கையில் இருந்தால் 4 வந்தாலும் சேரும், 7 வந்தாலும் சேரும். இரண்டு கட்டில் அப்படி 4 சீட்டு உண்டு. 5-ஐயும் 7-ஐயும் வைத்துக்கொண்டு 6-க்கு வாய் பார்த்தால் 2 சீட்டுதான். இரண்டு ஜோக்கரோடு மொத்தம் 106. என் 13, வெட்டு ஜோக்கர், திறந்த சீட்டு போக நான் பார்க்காதவை 91. கட்டிலிருந்து ஐந்து தடவை இழுத்தால் அந்த நான்கில் ஒன்று கிடைக்கும் வாய்ப்பு ஐந்துக்கு ஒன்று; இரண்டுக்குக் காத்திருந்தால் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று. ஆரம்பத்திலேயே ட்ராப் என்றால் 20 பாயிண்ட், நடுவில் என்றால் 40, கடைசிவரை உட்கார்ந்து தோற்றால் 80 வரை. கணக்கு இவ்வளவுதான். ஆனாலும் எங்கள் அறையில் யாரும் ட்ராப் செய்ததில்லை. தீக்குச்சிதானே!

வேலைக்கு ஒரகடம் வந்த பிறகு அறை நண்பன் போக்கர் சொல்லிக்கொடுத்தான். அதுவும் தீக்குச்சிக்குத்தான். கையில் இரண்டு, மேஜையில் நான்கு சீட்டு. அதில் நான்கு ஆர்டின் சேர்ந்துவிட்டது, இன்னும் ஒரு சீட்டு வர வேண்டும். பார்க்காதவை 46, அதில் ஆர்டின் 9. அதாவது வராமல் போக நான்கு பங்கு, வர ஒரு பங்கு. நடுவில் 60 குச்சி கிடக்கிறது, நான் 10 போட்டால் போதும் என்றால் தாராளமாகப் போடலாம். நடுவில் 20 மட்டும் இருந்தால் கீழே வைத்துவிட வேண்டும். பந்தய அளவு நிர்ணயித்த சின்ன ஆட்டத்தில், பெரிய தொகை போட்டு உங்களைத் துரத்த முடியாது. ஐந்து பேரும் 'பார்த்துடுவோம்' என்று உட்கார்ந்திருந்தால் உங்கள் சீட்டு வரும் வாய்ப்பு மாறாது, கிடைக்கும் குச்சிதான் கூடும். (இன்னொருவரிடம் பெரிய ஆர்டின் இருந்தால் வேறு கதை. அந்தக் கதையும் எனக்கு நடந்திருக்கிறது.)

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். 'ஆள் கூடினால் நல்லது' என்ற போக்கர் பாடத்தை ரம்மிக்குக் கொண்டுபோனேன். ரம்மி ஓட்டப்பந்தயம். கூட உட்காரும் ஒவ்வொருவரும் எனக்கு முன்னால் டிக்ளேர் செய்யக்கூடிய ஒரு ஆள். ஆறு பேர் ஆட்டத்தில் சுமாரான கையைக்கூட ஆரம்பத்திலேயே வைத்துவிடுவது பல நேரம் லாபம்.

2020-இல் ஊரடங்கு. படப்பையில் வாடகை வீடு, கையில் செல்போன், பாயிண்டுக்கு ஒரு ரூபாய். ட்ராப் செய்தால் 20 ரூபாய். அந்த இருபது ரூபாயைக் கொடுக்க மனசு வராமல் ஐம்பதும் எழுபதுமாகக் கொடுத்தேன். நடத்துகிறவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். நான் ஜெயித்த ஆட்டத்திலும். ஐந்து மாதத்தில் 86,000 ரூபாய். தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்தது. மனைவியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு?" என்றாள். "இருபது, முப்பதுதான்" என்றேன். "அப்போ எத்தனை தடவை?" என்று கேட்டாள். இன்றுவரை அந்த எண்ணிக்கையை நான் போட்டுப் பார்க்கவில்லை.

செகந்தராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். விழும் சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதைப் போடுவது என்று தெரிய வேண்டும், மூணு சீட்டு மாதிரி இல்லை என்பது அதன் காரணம். பந்தய ஆட்டத்தால் கிளப்பே லாபம் அடைந்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டம், 2023-இல் உயர் நீதிமன்றம் அதிலிருந்து ரம்மியையும் போக்கரையும் விலக்கியது என்று இழுபறியாகி, 2025 ஆகஸ்டில் பணம் வைத்த இணைய ஆட்டங்களுக்கே தடை போட்டு மத்திய சட்டம் வந்தது. நான் அதற்கு முன்பே விட்டிருந்தேன். தங்கை கல்யாணம் ஒன்றரை வருஷம் தள்ளிப்போய், கடன் வாங்கி நடந்தது.

ஆட்டம் போனது, கணக்கு போகவில்லை. போன வருஷம் ஒரு நைட் ஷிப்ட். எங்கள் பிரஸ் லைனுக்குக் காயில் கொண்டுவரும் லாரி வரவில்லை. டிரைவர் போனில், "சுங்குவார்சத்திரம் தாண்டிட்டேன் சார், தோ வந்துட்டேன்." டை மாற்றி வேறு பார்ட் ஓட்டினால் 40 நிமிஷம் நிச்சய நஷ்டம். 20 நிமிஷம் காத்திருந்து லாரி வந்துவிட்டால் நஷ்டம் 20தான். வராமல் போய் அதன்பிறகு டை மாற்றினால் 60. ஆக, பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருந்தால்தான் காத்திருக்கலாம். செக்யூரிட்டியிடம் கேட் ரிஜிஸ்டர் வாங்கிப் பார்த்தேன். மூன்று மாதத்தில் அதே லாரி இப்படித் தாமதமான 11 ராத்திரியில், போன் வந்த 20 நிமிஷத்துக்குள் நுழைந்தது 4 தடவை. டை மாத்தச் சொல்லிவிட்டேன்.

பதினைந்தாவது நிமிஷம் லாரி கேட்டில் ஹாரன் அடித்தது. பழைய டை தரையில் கிடக்கிறது, புதியது கிரேனில் தொங்குகிறது. காலையில் மேனேஜர் கேட்டார்: "பதினஞ்சு நிமிஷம் பொறுக்க முடியலையாப்பா?" ரிஜிஸ்டரை நீட்டினேன். அவர் அதைத் திறக்கவே இல்லை.

அடுத்த மாதமும் அதே லாரி, அதே சுங்குவார்சத்திரம். நான் மறுபடியும் டை மாத்தத்தான் சொன்னேன்.