வசந்தத்தின் கையச்சு



காஞ்சி மக்களுக்கு வசந்தம் மாமரத்தடியில் பிறப்பது. அம்மை மணலால் இலிங்கம் அமைத்துப் பூசித்ததும், கம்பை பெருகி வரக்கண்டு அதனைத் தழுவிக் காத்ததும் தலபுராணச் செய்தி. கையால் பிடித்த மணலே ஏகாம்பரநாதர் திருக்கோயிலில் மூலவர். பங்குனி உத்திரத்தில் அவருக்குத் திருமணம்.

கேலிக் மொழி வழங்கிய அயர்லாந்திலும் வசந்தம் ஒரு பெண்தெய்வத்தின் வரவாகவே எண்ணப்பட்டது. பிரிஜிட் என்பது அவள் பெயர். கவிஞர்கள் வணங்கிய தெய்வம் என்று பழைய ஐரிஷ் சொற்பொருள் நூலொன்று கூறுவதால், இவ்வவைக்கு அவள் அந்நியள் அல்லள். பின்னாளில் அதே பெயருடைய கிறித்துவப் புனிதையோடு அவள் கலந்தாள். பிப்ரவரி 1 திருநாள். முன்னிரவில் கோரையை முடைந்து சிலுவை செய்து வாயில்மேல் வைப்பர். துணித்துண்டொன்றை வெளியே இட்டு, அவள் அருள் படிந்ததெனப் போற்றுவர். நெசவாளர் ஊருக்கு இவ்வழக்கம் இனிக்கும்.

அக்கோரைச் சிலுவையும், பனியினூடே தலைகாட்டும் வெண்பூவும், ஈன்ற ஆடும் இன்று அங்குள்ள கையச்சுக் கலைஞர்களின் கருப்பொருள்கள். மரத்திலோ லினோலியத் தகட்டிலோ செதுக்கி, மை உருட்டி, தாளை மேலிட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பர். செதுக்கிய இடம் வெண்மையாக நிற்கும். விட்ட இடமே மை ஏற்கும். எழுத்தையோ இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். 'கொடி' என்று செதுக்கினால் கொம்பு ககரத்தின் வலப்புறமும் கால் இடப்புறமும் போய்விடும். எழுதிப் பழகிய கை அங்கே மீண்டும் அரிச்சுவடி படிக்கும்.

கவிதையும் கையச்சும் இணைந்ததற்கு டப்ளினில் முன்னோடி உண்டு. கவிஞர் யேட்ஸின் தங்கை எலிசபெத் நடத்திய குவாலா அச்சகத்தில் பெண்களே கைப்பொறியை இயக்கினர். 1908 முதல் 1915 வரை திங்கள்தோறும் பாடல் தாள்கள் வெளிவந்தன. சகோதரர் ஜாக் யேட்ஸின் ஓவியங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினர். ஒவ்வொன்றும் 300 படிகள்தாம். தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகத்தின் ஆங்கில ஆக்கமும் 1914-இல் அங்கே அச்சேறியது.

கோர்வைப் புடவையில் மாங்காய்ப் புட்டா எத்தனை முறை வந்தாலும் நெய்பவரின் அடி ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். கையச்சிலும் படிக்குப் படி மை மாறும். விசைத்தறிப் போலி கைத்தறியின் பெயரிலேயே விலைபோகும் இந்நாளில், அச்சிறு மாற்றத்தைக் கண்டறியும் கண்ணும் குறைந்து வருகிறது. அக்கண்ணை வளர்ப்பது நெசவாளர் தலையில் மட்டும் விழத்தக்க சுமையன்று.

எனவே இலக்கிய வட்டம் தன் பதினோராம் ஆண்டுப் பங்குனி உத்திரத்தில் ஒரு கவிதைத் தாளைக் கையச்சில் வெளியிடலாம். ஒரு மாவிலை, எட்டு வரி, நூறு படி போதும். செலவு பெரிதன்று. கவிதை எழுதியவரே தகட்டையும் செதுக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.