சம்பளம் குடுத்தது யார்?



பென்ரோஸில சின்னப் பட்டறை நடத்துற என்ர மாமா ஒருநாள் கோபமாகக் கேட்டார்: "சம்பளம் குடுத்தது நான். முழுசையும் செலவாகக் கழிக்கேலாதாம். இது என்ன நியாயம்?"

அவர் கேட்டது 2020 சம்பள மானியத்தைப் பற்றி. கொரோனா முடக்கம் வந்தபோது அரசு, முழுநேரத் தொழிலாளி ஒருவருக்கு வாரம் 585.80 டொலர்படி, 12 வாரத்துக்கு 7,029.60 டொலரை முதலாளியிடம் மொத்தமாகக் கொடுத்தது.

அந்த 12 வாரத்துக்கு ஒருவரின் சம்பளம் 10,000 டொலர் என்று வையுங்கோ. மானியம் கம்பனியின் வருமானத்தில் சேராது. அதற்கு வரி இல்லை. ஆகவே மானியத்தால் கொடுத்த சம்பளத்தைச் செலவாகவும் கழிக்க முடியாது. கழிக்கக்கூடியது மாமா தன்ர காசில் போட்ட 2,970.40 டொலர் மட்டும். முழுசையும் கழிக்க விட்டிருந்தால், 28 வீதக் கம்பனி வரியில் மேலும் 1,968 டொலர் மிச்சம். பொதுக் காசில் சம்பளம், அதற்கும் மேலால வரிச் சலுகை!

தொழிலாளிக்கு என்ன நடந்தது? அதே காசு சம்பளமாக வந்தபோது வழமைபோல வருமான வரி பிடித்தார்கள்.

மாமா கெட்டவரில்லை, கடை மூடுப்படுமோ என்று அவரும் பயந்தவர்தான். ஆனால் "நான்தான் உங்களைக் காப்பாற்றினேன்" என்று எந்த முதலாளியாவது சம்பள உயர்வை மறுத்தால், இந்தக் கணக்கை மேசையில் வையுங்கோ. காப்பாற்றினது பொதுப் பணம். அதில் அந்தத் தொழிலாளி கட்டின வரியும் இருக்கு.