புழக்கடைக் காய்கறித் தோட்டம்
(கிராம ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



உழுது பிழைக்கும் குடியானவர் சந்தையில் காசு கொடுத்துக் கீரை வாங்குகிறார்; அவர் வீட்டில் அரிசி களைந்த ஜலமோ புழக்கடையில் தேங்கிக் கொசுவை வளர்க்கிறது. இவ்விரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே.

இதற்கெனச் சங்கத்தில் கடன் மனுப் போட வேண்டா. முதற் பாத்தி 10 அடி நீளம், 4 அடி அகலத்திற்கு மேற்படலாகாது. உற்சாகத்தில் கொல்லை முழுவதையும் கொத்திவிட்டு, சித்திரை வெயிலில் ஜலம் சுமக்க மாட்டாமற் கைவிடுவோர் பலர். சுமப்பவர்களும் பெரும்பாலும் ஸ்திரீகளே. வீட்டில் தினந்தோறும் கழியும் ஜலம் எவ்வளவோ, தோட்டமும் அவ்வளவே இருத்தல் வேண்டும். சவர்க்காரம் கலந்த ஜலத்தைக் கீரைக்கு விடாமல் வாழைக்குத் திருப்புக.

மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, நன்றாய் மக்கிய குப்பையைக் கலந்து, முதலில் முளைக்கீரை விதையுங்கள். விதை மிகப் பொடியாதலால் மணலுடன் கலந்தே தூவ வேண்டும். கோழி கிளறாதபடி மேலே முள் பரப்புக. சுமார் 25 நாட்களில் பறிக்கலாம். அதில் கை பழகிய பின்னரே கத்தரி, வெண்டை. ஆடிப் பட்டத்தில் அவரைக்கும் புடலுக்கும் பந்தல்.

மூலிகைகளுக்குத் தனிப் பாத்தி அவசியமில்லை. கற்பூரவல்லியைக் கிள்ளி நட்டாலே வேர்விடும். தூதுவளையை வேலியில் ஏற்றிவிடலாம். புதினாவுக்கு ஈரமான நிழலோரம் போதும். கறிவேப்பிலைக் கன்றை மட்டும் முதல் வருஷம் பறியாது விடுக. அயல்வீட்டார் கேட்பார்கள், மறுக்கத்தான் வேண்டும்!

இனி முக்கியமான விஷயம். அந்தி சாய்ந்ததும் குழந்தைகள் தட்டுத்தடுமாறும் மாலைக்கண் வியாதி, 'ஏ' ஜீவசத்துக் குறைவால் வருவது. சரீரத்தில் அச்சத்தாக மாறும் பொருள் முருங்கைக்கீரையிலும் அகத்திக்கீரையிலும் ஏராளம். சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் நன்கு சேரும். நம் கொல்லைகளில் முருங்கைக்குப் பஞ்சமில்லை. காயைச் சந்தைக்கும் இலையை ஆட்டுக்கும் கொடுத்துவிட்டுக் குழந்தையை வெறும் சோற்றோடு விடுகிறோம். இது வறுமையன்று, அசிரத்தை. ஆனால் மாலைக்கண் ஏற்கெனவே கண்டுவிட்டால், கீரையை மாத்திரம் நம்பிக் காலங்கடத்தாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தாமதித்தால் பார்வையே போய்விடக் கூடும்.

அடுத்த கூட்டத்திற்கு வருகையில் ஒவ்வொருவரும் முற்றிய அவரை நெற்றோ, சுரை விதையோ ஒரு பிடி கொண்டுவந்து தம்முள் மாற்றிக்கொள்வீர்களாக. மரமுள்ளவர்கள் 3 முழ நீளத்தில் முருங்கைப் போத்து வெட்டிவந்து, இல்லாதவர்களுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.